படகுத்துறைக்கு மூன்று நிமிடம்

1

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். நடுவராக அல்ல. நடுவர்களை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். அவர்களை எந்த இடத்தில் சிரிக்க வைக்க வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். சாட்சியிடம் அந்த வித்தை செல்லாது. சாட்சி கேட்பார், கேட்டதை நினைவில் வைத்திருப்பார், பின்னொரு நாள் யாரேனும் வினவினால் "ஆம், அவன் அப்படித்தான் சொன்னான்" என்பார். எனக்கு இப்போது வேண்டியது அது ஒன்றே.

நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் வளர்ந்தவன். தாம்பரத்திலிருந்து கோவிலம்பாக்கம் வரை நான் ஏறாத மேடைகள் குறைவு. பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா, குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழா, கல்லூரிகளுக்கு இடையிலான பட்டிமன்றம் என்று எங்கும் பேசியிருக்கிறேன். என்னை நிறைவுப் பேச்சாளனாக அறிவித்ததும் எதிரணியினர் தங்கள் குறிப்புத் தாள்களை மடித்து வைத்துக்கொண்டதை நானே கண்டிருக்கிறேன். இதைத் தற்பெருமை என்று நீங்கள் கருதினால் எனக்கு மறுப்பில்லை. அது உண்மையாகவும் இருந்தது.

இப்போது அமெரிக்காவின் தெற்கே, வளைகுடாவை ஒட்டிய ஒரு நகரத்தில், மருத்துவக் காப்பீட்டு மென்பொருளில் பிழை தேடுவது என் பணி. "நான் பேசுவது கேட்கிறதா?" என்று கணினித் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் வினவுவதே நான் அன்றாடம் ஆற்றும் சொற்பொழிவு. பெரும்பாலும் கேட்பதில்லை.

சென்ற ஐப்பசியில் அம்மா காலமானார். பங்குனியில் அப்பாவை இங்கே வரவழைத்தேன். அம்மாவின் முதல் வருடத் திதியை எங்கே கொடுப்பது, அதுவரை அப்பா யாருடன் இருப்பது என்பதே எங்கள் வீட்டில் நடந்த வழக்கு. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

2

அப்பா மின்சார ரயில் ஓட்டியவர். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர். அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மதிய உணவுக்குப் பின் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"டிக்கெட் பாத்தியா?"

நான் வாதங்களை அடுக்குவேன். அந்த வீட்டில் தனியாக எப்படி இருப்பீர்கள்? இரத்த அழுத்த மாத்திரையை யார் நினைவூட்டுவார்கள்? மழைக்காலத்தில் ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்தால் யார் வந்து அழைத்துப் போவார்கள்? ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவுகள் உண்டு. அப்பா முழுவதையும் கேட்பார். முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கேள்வி வரும். மறுத்துப் பேசாத எதிரணியை வெல்லும் வழியை எந்த மேடையும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

அவருக்குக் கிடைத்திருந்த அனுமதி ஆறு மாதம். திதிக்கு ஒரு மாதம் முன்னரே அது முடிந்துவிடும். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கச் சொன்ன வழக்கறிஞர், அப்பா நிச்சயம் ஊர் திரும்புவார் என்பதற்குச் சான்றுகள் கேட்டார். சொந்த வீடு, ஓய்வூதியம், உறவுகள். அவர் திரும்புவார் என்று நிரூபித்தால்தான் அவர் தங்க முடியும். வீட்டில் அப்பாவிடம் "நீங்கள் ஏன் போகக் கூடாது" என்று வாதிட்டுவிட்டு, மாடிக்குச் சென்று வழக்கறிஞருக்கு "அவர் ஏன் போயே தீருவார்" என்று எழுதினேன். ஒரே தலைப்பில் இரு அணிக்கும் பேசிப் பழகியவன்தான் நான். ஆனாலும் அந்த வாரங்களில் மிகவும் களைத்துப்போனேன்.

நானே அப்பாவுடன் ஊருக்கு வந்து திதி கொடுத்துவிட்டுத் திரும்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. இங்கே வேலை செய்ய அனுமதி இருக்கிறது. வெளியே சென்றால், புதிய முத்திரை இல்லாமல் உள்ளே வர முடியாது. அதற்கான நேர்காணல் எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அலுவலகம் அதுவரை காத்திருக்கும் என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். என்னைப் போன்ற பலர் ஊரில் நடக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போகாமல் இருப்பது இதனால்தான்.

3

பேயூ என்பது இந்தப் பக்கத்தில் மெல்ல நகரும் ஒருவகை நீர்நிலை. ஆறு என்று சொல்ல ஓட்டம் போதாது. ஏரி என்று சொல்லக் கரை போதாது. கோடையில் முடிச்சூர்ப் பக்கம் அடையாறு கிடக்கும் கிடப்பையும் பள்ளிக்கரணைச் சதுப்பின் கோரைப் புல்லையும் ஒன்றுசேர்த்து, இரு கரையிலும் உயர்ந்த மரங்களை நட்டு, கிளைகளில் சாம்பல் நிறப் பாசியைத் தாடிபோலத் தொங்கவிட்டால் ஏறத்தாழ அதுதான். எங்கள் குடியிருப்புக்குப் பின்தெருவில் அதற்கு ஒரு சிறிய படகுத்துறை இருந்தது. நான்கைந்து படிகள், பக்கத்தில் ஒரு சிமெண்டுச் சரிவு, அவ்வளவுதான்.

வீடு மாறிப் போன அண்டை வீட்டுக்காரர் ஒருவரிடம் பழைய கனூ ஒன்றை வாங்கினேன். இருவர் முன்னும் பின்னுமாக அமர்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு அது. அதைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது என் மனைவி தீபா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மாமா, உங்க பையன் பண்ற வேலைய வந்து பாருங்க. சோஃபா வாங்கிட்டு வாடான்னா படகு வாங்கிட்டு வந்து நிக்கறான்."

அப்பா முதல் சனிக்கிழமை கரையிலேயே நின்றார். இரண்டாம் சனிக்கிழமை முன்னிருக்கையில் ஏறி, இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் வந்தார். மூன்றாம் முறை, வளைவு ஒன்றைத் தாண்டும்போது, திரும்பிப் பார்க்காமலே உரக்கச் சொன்னார்.

"முன்னாடி கட்டை. லெஃப்ட்ல."

நான் துடுப்பை மாற்றிப் போட்டேன்.

"சொன்னேன்ல?"

"கேட்டுச்சுப்பா."

"கேட்டா ஆச்சா? திருப்பிச் சொல்லணும். நீ சொல்லலன்னா, பாத்தியா தூங்கிட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் இளவயதில் சரக்கு ரயிலில் உதவி ஓட்டுநராக இருந்தவர். எஞ்சினில் இருவர் இருப்பார்கள். சிக்னலின் நிறத்தை ஒருவர் உரக்கச் சொன்னால், மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அது அவர்கள் தொழிலின் ஒழுக்கம். பின்னர் மின்சார ரயிலில் தனியாக இருந்தபோதும் அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வாராம். தூக்கத்தில்கூட "க்ரீன்" என்று முனகுவார் என்று அம்மா கேலி செய்ததுண்டு.

"கட்டை, லெஃப்ட்," என்றேன்.

"ம்."

அன்றிலிருந்து அப்பா பேசத் தொடங்கினார். கட்டை, கிளை, பாலம், ஆமை. நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். வீட்டில் நடந்த எந்த உரையாடலையும்விட அது நீளமாக இருந்தது.

என்னிடம் நீண்ட லென்ஸ் பொருத்திய கேமரா இருந்தது. நான் பறவைகளைப் படமெடுத்தேன்: வெள்ளைக் கொக்கு, நீல நாரை, அரிவாள் மூக்கன். அப்பாவிடம் பழைய கைபேசி ஒன்றைக் கொடுத்திருந்தேன். படம் எடுக்க வேண்டிய இடம் வந்தால் இடக்கையை உயர்த்துவார். நான் படகை நிறுத்த வேண்டும். படகு நிற்காது, மிதந்து தள்ளிப்போகும்.

"பிரேக் இல்லாத வண்டிய எவன்டா கண்டுபிடிச்சான்?" என்று சலித்துக்கொள்வார்.

அவர் எடுத்தவை பாலங்களின் அடிப்பகுதி, பழைய வெள்ளம் தூண்களில் விட்டுப்போன கறை, மழைநீர்க் குழாயின் வாய், நீரில் பாதி மூழ்கிய கடைத் தள்ளுவண்டி. ஒரு மரக்கட்டையின் மேல் வரிசையாக வெயில் காய்ந்த ஆமைகளை எடுத்துவிட்டு, "ஆபீஸ் டைம்ல குரோம்பேட்டை ப்ளாட்ஃபார்ம் மாதிரி இல்ல?" என்றார். எங்கள் இருவர் படங்களையும் அடுத்தடுத்து வைத்தால், ஒரே படகில் போனவர்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரு கிளையோடையில் நுழைந்தபோது வழி முழுதும் ஆகாயத்தாமரை அடைத்துக்கிடந்தது. நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் அதே செடி, அதே ஊதா நிறப் பூ. அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவனுக்கு யாருடா எக்ஸ்டென்ஷன் குடுத்தா?"

அந்தப் படத்தைத் தம் நண்பர் மணிக்கு அனுப்பினார். மணி மாமா அப்பாவின் வண்டியில் கார்டாக இருந்தவர், தாம்பரத்துக்காரர். உடனே குரல் பதிவு வந்தது.

"தலைவரே, இன்னாது இது, நம்ம செம்பாக்கம் ஏரியாட்டமே கீது! இத்தப் பாக்கவா பிளேன் ஏறிப் போன? சைக்கிள்ல போயிருந்தா நானே காட்டியிருப்பேனே!"

அப்பா அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். மூன்று முறையும் சிரித்தார்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை, படகைக் கரையேற்றியபின் அப்பா துறையின் கடைசிப் படியில் அமர்ந்து கால் கழுவினார்.

"இந்தத் தண்ணி கடலுக்குத்தான போகுது?"

"ஆமாம்பா. வளைகுடாவுக்கு."

"அப்ப அம்மாவுக்கு இங்கயே குடுத்துடலாம். பிண்டம் கரைக்க ஒரு துறை வேணும், அவ்வளவுதான. இந்த ஊர் கோயில் ஐயர கூப்புட்டுக்கோ. நீ உக்காந்து குடு. நான் அந்த எக்ஸ்டென்ஷன் பேப்பர்ல கையெழுத்து போட்டுத் தரேன்."

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெல்லாததை அந்தப் படி வென்று கொடுத்தது. துறை இருந்தால் அப்பா இருப்பார். இவ்வளவுதான் கணக்கு.

4

இங்கே நம் மேடை மரபு ஒன்றை நினைவூட்ட வேண்டும். பேச எழுந்தவன் முதலில் மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, பெயருக்கு முன் ஓர் அடைமொழி சூட்டி, விளிக்க வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அது மறதியாகக் கொள்ளப்படாது; பகையாகக் கொள்ளப்படும். எங்கள் காலனிப் பொங்கல் விழாவில் ஒருமுறை துணைச் செயலாளரின் பெயரை விட்டுவிட்டேன். அந்தக் கோடை முழுவதும் தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்குக் கடைசியாகத்தான் வந்தது. குடங்களுடன் வாசலில் நின்ற அம்மா, "நல்லா பேசின போ. இன்னும் ரெண்டு பேர விட்டிருந்தா லாரியே வந்திருக்காது," என்றார்.

அதன்பின் நான் ஒருவரையும் விட்டதில்லை. மேடை ஏறுமுன் பெயர்களை மனனம் செய்வேன். அப்பா சில நாட்கள் பணி முடிந்து சீருடையுடனே வந்து, கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போவார். எப்படி இருந்தது என்று கேட்டால், "மைக் நல்லா இருந்தது," என்பார்.

5

புரட்டாசி பிறக்குமுன் துறையில் ஓர் அறிவிப்புப் பலகை முளைத்தது. கரையைச் சிமெண்டால் கட்டி வேலி போடப்போகிறார்களாம்; வெள்ளத் தடுப்புக்காகத் துறையை மூடப்போகிறார்களாம். ஆட்சேபம் உள்ளவர்கள் வெள்ளத் தடுப்பு வாரியத்தின் கூட்டத்துக்கு வந்து பேசலாம். ஒருவருக்கு மூன்று நிமிடம்.

அறிவிப்பைப் படித்த அப்பா என்னைப் பார்த்தார். ஊரை விட்டு வந்த பிறகு என் கலை ஒன்றுக்கு உதவப்போகிறது என்ற எண்ணத்தில் எனக்குள் நெடுநாள் உறங்கிய ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு வாரம் தயாரித்தேன்.

"கேக்க வேண்டியத முதல் வரியிலயே கேட்டுடு," என்றாள் தீபா.

"எனக்கே மேடை சொல்லித் தரியா?"

"உனக்கு மேடை தெரியும். இது மேடை இல்ல. டிக்கெட் கவுண்டர்."

அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து வந்தார். அவர் எடுத்த படங்களுள் துறையைக் காட்டும் சிலவற்றை அச்சிட்டு ஓர் உறையில் வைத்துக்கொண்டிருந்தார். தாழ்ந்த நீரில் துறை, மழைக்குப்பின் துறை, கடைசிப் படியில் என் மகள் யாழினியின் ஈரக் கால்தடம். பேச்சின் நடுவே நான் அவற்றை உயர்த்திக் காட்டுவதாகத் திட்டம். உறையை என்னிடம் கொடுத்துவிட்டு, தீபாவுடனும் யாழினியுடனும் இரண்டாம் வரிசையில் அமர்ந்தார்.

பேச்சாளர் நிற்கும் மேசையில் மூன்று சிறு விளக்குகள் இருந்தன. பேசத் தொடங்கினால் பச்சை. நேரம் முடியப்போகிறது என்றால் மஞ்சள். முடிந்தால் சிவப்பு.

வாரிய உறுப்பினர்கள் எழுவர். ஒவ்வொருவர் முன்னும் பெயர்ப் பலகை. நான் தலைவியிலிருந்து தொடங்கினேன். தொலைநோக்கு மிக்க தலைவி அவர்களே, மக்கள் நலனில் மாறாப் பற்றுடைய துணைத்தலைவர் அவர்களே என்று, நம் மரபு சிறிதும் குறையாமல், ஆங்கிலத்தில் விளித்தேன். நான்காமவரின் பெயர் என் நாவில் வழுக்கியது. அவமதிப்பு ஆகிவிடக் கூடாதே என்று நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, மீண்டும் சொன்னேன். அவர் குழப்பத்துடன் தலையசைத்தார். எழுவரையும் முடித்துப் பொறியாளர்களை விளித்தேன். வந்திருந்த குடிமக்களை விளித்தேன். சக்கர வண்டிகளில் வாழ்வைக் கழித்து இன்று நீரின் நண்பராகிவிட்ட என் தந்தையை நோக்கிக் கை நீட்டினேன்.

"எல்லோ!"

அவையே திரும்பிப் பார்த்தது. அப்பா எழுந்து நின்றார். கை நேராக நீண்டிருந்தது. சுட்டுவிரல் என் மேசையில் எரிந்த மஞ்சள் விளக்கைக் காட்டியது.

மேடையில் குறுக்கீடு வந்தால் புன்னகைத்துத் தொடர வேண்டும் என்பது பயிற்சி. புன்னகைத்தேன். முன்னுரையைத் தொடங்கினேன். நாகரிகங்கள் அனைத்தும் நீரின் மடியில் பிறந்தவை என்பது முதல் வாக்கியம். எகிப்தை முடித்து வைகைக்கு வந்துகொண்டிருந்தேன்.

"ரெட்! டேய், ரெட்!"

தலைவி மென்மையாக நன்றி சொன்னார். நான் அகன்றேன். படகுத்துறை என்ற சொல் என் வாயிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை. உறை திறக்கப்படவில்லை. அன்று அந்த அவையில் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்த இருவர் பேசினோம். அவர்கள் முழுமையாகப் புரிந்துகொண்டது அப்பா பேசியதை மட்டுமே.

எனக்குப் பின் வந்த முதியவர் ஒருவர், "அங்கேதான் மீன் பிடிக்கிறேன். மூடாதீர்கள்," என்று சொல்லிவிட்டுப் பச்சை விளக்கு எரியும்போதே அமர்ந்தார். ஒரு குரல் போதவில்லை. துறையை மூடும் திட்டத்துக்கு அன்றே ஒப்புதல் கிடைத்தது. வெளியே வரும்போது எழுத்தர் பெண்மணியிடம் உறையைக் கொடுத்தேன். அதன் மேல் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி ஒரு தட்டில் வைத்து, நல்ல மாலைப்பொழுது அமையட்டும் என்று வாழ்த்தினார்.

தீபா காரை ஓட்டினாள். சாலைச் சந்திப்பு ஒன்றில் பின்னிருக்கையிலிருந்து யாழினி கத்தினாள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் அவள், தாத்தாவிடம் சிக்னல் நிறத்தைக் கூவும் இந்த ஒரு விளையாட்டை மட்டும் விடாமல் ஆடுவாள்.

"எல்லோ, தாத்தா!"

"எல்லோ," என்றார் அப்பா.

கார் நின்றது. அதன்பின் அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

"ஏன்டா, ஏழு பேர் பேரையும் சொன்ன. யாருக்காகக் கேக்க வந்தியோ, அவ பேரச் சொல்லலையே."

பச்சை விழுந்தது. தீபா காரை எடுத்தாள்.

"டிக்கெட் போட்டுடு," என்றார் அப்பா.

மறுநாளே போட்டேன். ஒரு வாதமும் வைக்கவில்லை.

6

அப்பா ஊருக்குக் கிளம்பிய அந்த வாரமே துறையில் வேலி வந்துவிட்டது. கனூ மாடிப்படியின் கீழ் கிடக்கிறது. அப்பாவுக்குக் கொடுத்த கைபேசியின் படங்கள் என் கணினியிலும் சேர்ந்திருக்கின்றன. வேலை நடுவே ஒன்றிரண்டைப் பார்ப்பேன். பாலத்துக் கறை. குழாயின் வாய். எல்லாம் நேராக, ஒரு சாய்வும் இல்லாமல்.

இன்று காலை அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அவரிடமிருந்து காணொளி அழைப்பு வந்தது. அங்கே மாலை. ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையில் மணி மாமாவுடன் நின்றிருந்தார். பொக்லைன் ஒன்று ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தது. மழை தொடங்கிவிட்டதாம், தெருவுக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லையாம். மாத்திரை சாப்பிட்டாராம். பிறகு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்:

"ஐயர்கிட்ட சொல்லிட்டேன். திதிய நானே குடுத்துடறேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. அங்க உனக்கு ஆயிரம் இருக்கும்."

மணி மாமா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

"தம்பி, இன்னா? பையன் குத்துக்கல்லாட்டம் இருக்க சொல்லோ உங்கப்பா எதுக்குப்பா குடுக்கணும்? அவரு உன்ன கேக்க மாட்டாரு. கேட்டா நீ லெக்சர் எடுப்பன்னு பயந்துகினு கீறாரு. பேஜார் பண்ணாம ஒரே வார்த்தைல சொல்லு. வர்ரியா, இல்லியா?"

"யோவ், விடுய்யா அவன," என்று அப்பாவின் குரல் கேட்டது.

என்னிடம் பதில்கள் இருந்தன. விசா முத்திரை, நேர்காணல் நாள், புதிதாக வந்த மேலாளர், மாத இறுதியில் முடிக்க வேண்டிய பணி. ஒவ்வொன்றும் உண்மை; ஒவ்வொன்றையும் என்னால் அழகாகச் சொல்ல முடியும். தீபா யாழினியின் மதிய உணவுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "மாசக்கணக்கா ஆனாலும் நாங்க சமாளிச்சுப்போம். சொல்லு," என்றாள்.

அவள் சமாளிப்பாள். வேலை போகக்கூடும். போனால் இந்த வீடும், இந்தப் பள்ளியும், இத்தனை ஆண்டுக் காத்திருப்பும் அதனுடன் போகும். இவற்றை எண்ணிப் பார்க்காமல் நான் வாய் திறக்கவில்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும்.

மணி மாமா கைபேசியை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்திருந்தார். திரையில் அவர் முகம் பாதிதான் தெரிந்தது. தீபாவுக்கும் யாழினிக்கும் மணி மாமாவுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"அப்பா, நான் வரேன். முத்திரை கிடைச்சாலும் சரி, கிடைக்கலன்னாலும் சரி, அம்மா திதிக்கு மனையில நான்தான் உக்காருவேன்."